இரண்டு இணைப்புகள் கண்டறியப்பட்டன

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், பரீட்சை எழுதுகிறவர்களை முறைத்துப் பார்க்கிற வேலை என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. யாரோ ஒருவர் அவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உரிமத் தேர்வு எழுதுவார். நான் என் வீட்டில் உட்கார்ந்து, கேமரா வழியாக இரண்டரை மணி நேரம் அவர் முகத்தைப் பார்ப்பேன். கண் எங்கே போகிறது, உதடு அசைகிறதா, மடியில் என்ன இருக்கிறது, கதவு சாத்தியிருக்கிறதா, இதுதான் என் கவலை. மைக்கில் அவர் அறையின் சத்தமும் எனக்குக் கேட்கும். ஒரு நேரத்துக்கு ஒரே ஆள். எட்டு வருஷம் இதைச் செய்திருக்கிறேன். மனிதர்கள் யோசிக்கும்போது எப்படியெல்லாம் மூக்கை நோண்டுவார்கள் என்று என்னிடம் கேட்டால் ஒரு புத்தகமே எழுதித் தருவேன்.

என் மேஜைக்கு அடியில் சாம்பல் நிற வயர் ஒன்று இருக்கிறது. நிறுவனம் போட்டுக் கொடுத்தது. அதில் தேர்வு மட்டும்தான் வரும், வேறு எதையும் திறக்க விடாது. வீட்டு இணைப்பு வயர்லெஸ், அதன் பெட்டி கூடத்தில் டிவிக்குப் பின்னால். தேர்வு நடக்கும்போது கண்காணிப்பாளர் வயர்லெஸை அணைத்துவிட வேண்டும் என்பது விதி. எழுதுகிறவரும் ஒரே இணைப்பில்தான் இருக்க வேண்டும். இன்னொன்று இருந்தால் அதன் வழியாக வினா வெளியே போகலாம், விடை உள்ளே வரலாம். இது பதினாலாம் விதி. எழுதுகிறவரின் கம்ப்யூட்டரை மென்பொருளே துருவிப் பார்த்து, இரண்டு இருந்தால் சிவப்புப் பட்டை காட்டிவிடும். எங்களுக்கு அந்தத் துருவல் கிடையாது. தினமும் காலையில் ‘வயர்லெஸ் அணைக்கப்பட்டதா?’ என்று ஒரு கேள்வி வரும், ‘ஆம்’ என்று அழுத்த வேண்டும். அவர்களுக்குப் பூட்டு, எங்களுக்கு நம்பிக்கை.

இரண்டு வருஷமாக நான் பொய்யாகத்தான் ‘ஆம்’ அழுத்திக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் இறந்த அன்று நான் வேலையில் இருந்தேன். சின்ன ஆபரேஷன்தான், நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் பக்கத்தில் இருந்தாள். பதினொரு மணிக்குத் திடீரென்று மூச்சுத் திணறியிருக்கிறது. பதினொன்றே முக்காலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அந்த முக்கால் மணி நேரமும் மகள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி வீட்டிலிருந்து பத்து நிமிஷத் தூரம். வயர்லெஸ் அணைந்திருந்தது, போன் சமையலறை டிராயரில் கிடந்தது, அறைக் கதவு சாத்தியிருந்தது, எனக்கு ஒன்றுமே தெரியாது என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் நிறுவனத்தைத் திட்டினார்கள். மகள் யாரையும் திட்டவில்லை. அதற்கப்புறம் பத்து நாள் என்னோடு இருந்தாள். பாத்திரம் கழுவினாள், அவருடைய சட்டைகளை மடித்து வைத்தாள். கிளம்பும்போது, “நானா கூப்பிடற வரைக்கும் நீ கூப்பிடாதம்மா” என்றாள். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

எனக்கு வேண்டியது அது ஒன்றுதான், அவள் கூப்பிட வேண்டும். மற்ற எதுவும் எனக்கு உறைப்பதில்லை. சூடான டம்ளரைப் பிடித்தால்கூடக் கொஞ்சம் தாமதமாகத்தான் சுடுகிறது. அவர் போனபோது நான் அழவில்லை, பிறகும் அழவில்லை. பக்கத்து வீட்டு அம்மா, “அழுதுடுங்க, உள்ளயே வெச்சுக்கக் கூடாது, வெளிய வந்துட்டா சரியாயிடும்” என்று நெஞ்சுச்சளிக்குச் சொல்வதுபோலச் சொல்லிப் பார்த்தார். வரவில்லை. நான் என்ன செய்யட்டும்.

மகள் என்னைச் சாட்டில் பிளாக் பண்ணவில்லை. அவள் கம்ப்யூட்டரைத் திறந்தால் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி வரும். காலையில் ஒன்பது மணி வாக்கில் வரும், சாப்பாட்டு நேரத்தில் மறையும், திரும்ப வரும். உயிரோடு இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், இவ்வளவுதான் அந்தப் புள்ளி சொல்லும். என் வேலை நேரமும் அவள் வேலை நேரமும் ஒன்று. வேலை நேரத்தில் வயர்லெஸை அணைத்தால் புள்ளி இல்லை. அதனால் அணைக்கவில்லை.

ஆனால் முதலில் அது வேலை செய்யவில்லை. வயர்லெஸ் முழுசாகக் காட்டியது, சாட் மட்டும் செத்துக் கிடந்தது. கேபிள்காரரைக் கூப்பிட்டேன். வந்து குந்தி உட்கார்ந்து வயரைப் பிடுங்கினார், சொருகினார், ஏதோ கறுப்புத் திரையைத் திறந்து தட்டினார்.

“அக்கா, உங்க கம்ப்யூட்டருக்கு வயர்னா செல்லப்பிள்ளை. ரெண்டும் இருந்தா எல்லாத்தையும் வயர் வழியாவே அனுப்பிடும். அந்தக் கம்பெனி வயர்ல பரீட்சையைத் தவிர எதையும் விடமாட்டாங்க. அப்புறம் சாட் எப்படிப் போகும்?”

“அதுக்கு என்ன பண்ணணும்?”

“எது எந்த வழியாப் போகணும்னு எழுதி வெச்சிட வேண்டியதுதான். பரீட்சை சர்வருக்குப் போறது மட்டும் வயர். மத்த எல்லாம் வயர்லெஸ்.”

“ரெண்டும் மோதிக்காதா?”

“மோதாதுக்கா. ஒண்ணு இருக்கறது இன்னொண்ணுக்குத் தெரியவே தெரியாது.”

முப்பது வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் ஒரே வீட்டில் அப்படித்தான் இருந்தோம் என்று சொல்ல வாயெடுத்தேன். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். கேபிள்காரர் டீ குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு மத்தியானம் திரையின் இடது பக்கம் ஒரு தச்சர் உரிமத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார், வலது மூலையில் என் மகளின் பச்சைப் புள்ளி இருந்தது. நான் இரண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு கிரேன்காரர் வந்தார்.

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கான எழுத்துத் தேர்வு, அறுபது கேள்வி. அவருக்கு அது மூன்றாவது முயற்சி. மூன்றிலும் தோற்றால் ஐந்து வருஷத்துக்கு மறுபடி எழுத முடியாது. இருக்கிற உரிமம் அந்த மாதக் கடைசியோடு சரி. இதெல்லாம் என் திரையில் ஒரு ஓரத்தில் பொடி எழுத்தில் வரும். ஆளைப் பார்த்தால் நாற்பது வயது, கேமராவில் அடங்காத தோள். ஆகாயத்தில் உட்கார்ந்து இரும்புத் தூண்களைத் தூக்கி வைக்கிற மனிதர், மவுஸை முட்டையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தார். அடையாள அட்டையைக் காட்டினார், மேஜையைச் சுற்றிக் காட்டினார், சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். எல்லாம் சரி. கடைசியில் சிவப்புப் பட்டை வந்தது. ‘இரண்டு இணைப்புகள் கண்டறியப்பட்டன.’

“சார், உங்க கம்ப்யூட்டர்ல வயரும் இருக்கு, வயர்லெஸும் இருக்கு. ஒண்ணுதான் இருக்கணும். வயரை வெச்சுக்குங்க, வயர்லெஸை அணைச்சுடுங்க” என்றேன். இதை நான் மாதம் நாற்பது தடவை சொல்கிறவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

“வயர்ல நெட் வராது மேடம். அது அம்மாவோடது.”

“அம்மாவோடதுன்னா?”

“அம்மாவுக்கு நுரையீரல் சரியில்ல. அடுத்த ரூம்ல ஆக்சிஜன் மெஷின்ல இருக்காங்க. விரல்ல கிளிப் போட்டிருக்கும், அது காட்டற ஆக்சிஜன் அளவு இந்தக் கம்ப்யூட்டர்ல வரும்.” கேமராவைக் கீழே திருப்பினார். வெள்ளை வயர் ஒன்று தரையோடு ஓடி, கதவின் அடியில் நுழைந்தது. “சுவர் கனம் மேடம், வயர்லெஸ் அங்க எட்டாது. அதான் வயர் போட்டேன். நெட்டுக்கு வயர்லெஸ், அம்மாவுக்கு வயர்.”

திரும்பக் கேமராவை நிமிர்த்தினார். வேறு யாரும் வீட்டில் இல்லையா என்று கேட்டேன். அக்கா இருக்கிறாள், பன்னிரண்டு மணி வரைக்கும் அவளுக்கு ஷிஃப்ட் என்றார். தேர்வைத் தள்ளிப் போட முடியாது, கால் மணி நேரத்துக்குள் தொடங்காவிட்டால் முயற்சி கணக்கில் போய்விடும். மருத்துவக் கருவிக்கு விதிவிலக்கு உண்டுதான், ஆனால் பத்து நாளைக்கு முன்பே டாக்டர் கடிதம் அனுப்பியிருக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாது. யாருக்குத்தான் தெரியும், முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

மேற்பார்வையாளருக்குச் செய்தி அனுப்பினேன். அந்த மேடத்துக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் ‘பதினாலு’. வீடு பற்றி எரிகிறது என்று எழுதினாலும் விதி எண்ணோடுதான் பதில் வரும். வந்தது. ‘விதி 14. ஒன்றைக் கழற்றச் சொல்லவும்.’ கதவையாவது திறந்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ‘விதி 6. கதவு சாத்தியிருக்க வேண்டும்.’

சொன்னேன். கிரேன்காரர் தலையைச் சொறிந்தார்.

“நீங்களே சொல்லுங்க மேடம். என்ன பண்ணட்டும்?”

“முடிவு உங்களுடையது சார். விதியை மட்டும்தான் நான் சொல்ல முடியும்.”

இது நான் யோசித்துச் சொன்னதில்லை. கையேட்டில் ஒன்பதாம் பக்கத்தில் அச்சடித்திருக்கிறது. எந்தக் கேள்விக்கும் பொருந்தும். சொன்ன பிறகு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, வலது மூலையில் புள்ளி வந்துவிட்டதா என்று பார்த்தேன். வந்திருந்தது.

அவர் உள்ளே போய் அம்மாவிடம் என்னவோ சொல்லிவிட்டு வந்தார். வயரைக் கழற்றினார். “ஏதாவதுன்னா மெஷினே கத்தும் மேடம், காதுல விழும்” என்று எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார். சிவப்புப் பட்டை போய்விட்டது. தேர்வு தொடங்கியது.

ஒரு மணி நேரம் ஒழுங்காக எழுதினார். ஒவ்வொரு கேள்வியையும் வாய்க்குள் படித்தார், உதட்டை அசைக்கக் கூடாது என்று ஒரு தடவை எச்சரித்தேன், கையால் வாயைப் பொத்திக்கொண்டு படித்தார். முப்பத்தாறாவது கேள்வியில் இருக்கும்போது மைக்கில் அந்தச் சத்தம் வந்தது. மூன்று சின்னக் கீச்சு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று.

அவர் கை நின்றது. கதவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அதாவது கேமராவை.

“மேடம், நான் எந்திரிச்சா?”

“இருக்கையை விட்டு எழுந்தால் தேர்வு ரத்தாகும் சார்.”

“ரெண்டே நிமிஷம்.”

“ரத்தாகும் சார்.”

தலையை ஆட்டினார். மவுஸைப் பிடித்தார். முப்பத்தாறாவது கேள்வியிலேயே இருந்தார். மூன்று கீச்சு, இடைவெளி, மூன்று கீச்சு. “சில சமயம் சும்மாவே கத்தும்” என்றார், என்னிடமில்லை, மேஜையிடம். “கிளிப் நகர்ந்தாலே கத்தும்.” ஒரு விடையை அழுத்தினார். அடுத்த கேள்வி வந்தது. அவர் காது சிவந்திருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிக் கண்ணில் விழுந்தும் துடைக்கவில்லை.

நான் அந்த முகத்தை மூன்று நிமிஷம் பார்த்தேன். எனக்கு அந்த முகத்தைத் தெரியும். கேட்டும் கேட்காததுபோல உட்கார்ந்திருக்கிறவருக்குத் தாடை அப்படித்தான் இறுகும்.

அன்றைக்கு போன் அடித்தது எனக்குக் கேட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. டிராயரில் கரண்டிகளுக்கு நடுவே கிடந்த போன், ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் கரண்டிகளும் சேர்ந்து கடகடவென்று ஆடின. சாத்திய கதவு வழியாகத் துல்லியமாகக் கேட்டது. என் திரையில் ஒரு பெண் பல் மருத்துவ உதவியாளர் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள், அவளுக்கு நாற்பது நிமிஷம் பாக்கி. நான் எழுந்தால் அவள் தேர்வு போய்விடும், என் வேலையும் போகலாம். காஸ் சிலிண்டர்காரனாக இருக்கும், ஏதாவது விளம்பரமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளம்பரக்காரன் யாராவது அத்தனை தடவை கூப்பிடுவானா? மகள்தான் என்று எனக்குத் தெரியும். எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் எழுதி முடித்தாள். அறிக்கையில் ‘தடங்கல் ஏதுமில்லை’ என்று எழுதினேன்.

கிரேன்காரர் முப்பத்தெட்டாவது கேள்வியில் இருந்தார். கீச்சு நிற்கவில்லை.

ஒரு வழி இருந்தது. எழுதுகிறவரின் இணைப்பு அறுந்தால் அது அவர் தலையெழுத்து. கண்காணிப்பாளரின் இணைப்பு அறுந்தால் தேர்வு நிற்கும், கடிகாரம் நிற்கும், பத்து நிமிஷம் வரை ரத்தாகாது. அந்த நேரத்தில் அவரைப் பார்க்க யாருமில்லை, எழுந்து போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம். நான் மேஜைக்கு அடியில் குனிந்து சாம்பல் நிற வயரைப் பிடுங்கினேன்.

திரை ஒரு கணம் உறைந்தது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் கிரேன்காரர் முகம் மறுபடி வந்துவிட்டது. சத்தமும் வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, கையில் வயர் முனையைப் பிடித்தபடி திரையையே பார்த்தேன். பிறகுதான் புத்தியில் பட்டது. வயர் போனதும் கம்ப்யூட்டர் தேர்வையும் வயர்லெஸ் பக்கம் தள்ளிவிட்டது. எனக்கு எதுவும் அறுந்துபோகக் கூடாது என்று காசு கொடுத்துப் பண்ணி வைத்த ஏற்பாடு, ஒழுங்காக வேலை செய்கிறது. என் புத்திசாலித்தனத்தை எதில் கொண்டு போய்ப் போடுவது.

வயர்லெஸையும் அணைக்க வேண்டும். மூலையில் புள்ளி பச்சையாக இருந்தது. இரண்டு வருஷத்தில் நானாக அதை அணைத்ததில்லை. ஒரு நிமிஷம் யோசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் யோசித்தேன். பிறகு அணைத்தேன். புள்ளி சாம்பலானது, கிரேன்காரர் போனார், கீச்சும் போனது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஆறு நிமிஷம் காத்திருந்தேன். போதும், அவர் பார்த்துவிட்டு வந்திருப்பார், ஆபத்து என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார். வயரைச் சொருகினேன், வயர்லெஸையும் போட்டேன். திரை வந்தது.

கிரேன்காரர் அதே நாற்காலியில், அதே இடத்தில் இருந்தார். இரண்டு கையும் முழங்காலில். மூன்று கீச்சு, இடைவெளி, மூன்று கீச்சு.

“சார், போய்ப் பாத்தீங்களா?”

“இல்ல மேடம்.”

“ஏன்?”

“திரையில போட்டிருந்துச்சே. கண்காணிப்பாளர் வரும் வரை இருக்கையை விட்டு எழ வேண்டாம்னு.”

எட்டு வருஷம் இந்த வேலையில் இருக்கிறேன், எழுதுகிறவர் பக்கத்துத் திரை எப்படி இருக்கும் என்று ஒரு நாள் பார்த்ததில்லை. நான் கொடுத்த ஆறு நிமிஷமும் அந்த மனிதர் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் மெஷின் கத்துவதைக் கேட்டுக்கொண்டு, திரை சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறார். கோபம். ரொம்ப நாளைக்கப்புறம் எனக்குக் கோபம் வந்தது.

“எந்திரிங்க” என்றேன்.

“தேர்வு?”

“தேர்வு கிடக்கட்டும் சார். போங்க. போய் அம்மாவைப் பாருங்க.”

நாற்காலி சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. என் திரையில் பெட்டி வந்தது. ‘தேர்வர் இருக்கையில் இல்லை. ரத்து செய்யவா? ஆம் / இல்லை.’ இல்லை என்று அழுத்தினேன். அரை நிமிஷத்தில் மறுபடி வந்தது. இல்லை. ‘என்ன நடக்கிறது?’ என்று பதினாலு எழுதினார். இல்லை. நான் மைக்கின் சத்தத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டினேன். கீச்சு கேட்டது. “அம்மா” என்று அவர் கூப்பிடுவது கேட்டது. இன்னொரு தடவை கூப்பிட்டார். பதிலில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டார்.

“என்னடா?” என்றது ஒரு கிழக்குரல். “பரிச்சை எழுதற நேரத்துல இங்க என்ன வேலை உனக்கு?”

“கிளிப் எங்கம்மா?”

“பேப்பர் புரட்ட முடியலடா, கழட்டி வெச்சிருந்தேன். அப்படியே கண்ணு அசந்துடுச்சு. அது கத்தினா கத்திட்டுப் போகுது, நீ எழுதாம எதுக்கு வந்து நிக்கற? இப்படிப் பாதியில எந்திரிச்சு எந்திரிச்சுத்தான் ரெண்டு தடவை கோட்டை விட்டியா?”

கீச்சு நின்றது. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். பெட்டி வந்தது, இல்லை என்று அழுத்தினேன். உள்ளே அவர் என்னவோ தாழ்ந்த குரலில் பேசினார், அது எனக்குக் கேட்கவில்லை.

கிரேன்காரர் திரும்பி வந்து நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். சட்டையால் முகத்தைத் துடைத்தார்.

“நல்லா இருக்காங்க மேடம்.”

“கேட்டுச்சு சார்.”

“கேட்டும் நான் எந்திரிக்கல மேடம்.” மவுஸை நேராக வைத்தார். “நல்லா இருக்காங்க, ஆனா நான் எந்திரிக்கலைங்கறது இருக்குல்ல. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகியிருந்தா? அதை அம்மாகிட்டயே சொல்லிட்டேன். கத்தினது கேட்டுச்சும்மா, கேட்டும் உக்காந்துட்டிருந்தேன்னு.”

“என்ன சொன்னாங்க?”

“சரி சரி, போய் எழுதுன்னாங்க.”

அவர் எழுதி முடித்தார். அறுபதையும் முடித்தார். ஆனால் அது கணக்கில் சேரவில்லை. பத்து நிமிஷத்தில் பதினாலு என்னைக் கம்ப்யூட்டரிலேயே கூப்பிட்டுவிட்டார்.

“உங்க செஷன் நடுவுல வேற லைன்ல போயிருக்கு. உங்க வயர்லெஸ் ஆன்ல இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“இன்னைக்கு மட்டுமா?”

“ரெண்டு வருஷமா.”

எதற்கு என்று கேட்டார். விதி எண் சொல்லாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அது. என் மகள் கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறாளா என்று பார்க்க என்றேன். பார்த்தால் மகள் உங்களோடு பேசுவாளா என்றார். இல்லை, பேச மாட்டாள், பார்க்க மட்டும்தான் என்றேன். அவர் இருமினார். கண்காணிப்பாளர் பக்கத்துத் தவறு என்பதால் கிரேன்காரரின் முயற்சி கணக்கில் வராது, வியாழக்கிழமை அவர் மறுபடி எழுதலாம், வயருக்கு விதிவிலக்குக் கொடுக்க தானே ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். நான் நாளையிலிருந்து வர வேண்டாம். வர வேண்டாம் என்றால் எங்கிருந்து எங்கே வருவது, இதே நாற்காலிதானே. சரி மேடம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு சமையலறைக்குப் போய் போனை எடுத்தேன். மகள் கூப்பிடாதே என்று சொல்லியிருந்தாள். கூப்பிட்டேன். எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன், இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“என்னம்மா? உடம்புக்கு ஏதாவதா?”

“ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்.” அடுத்து என்ன சொல்வது என்று நான் யோசித்து வைக்கவில்லை. “அன்னைக்கு போன் அடிச்சது எனக்குக் கேட்டுச்சு.”

அவளுடைய அலுவலகத்தில் யாரோ சிரிப்பது கேட்டது, பிறகு ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

“ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சுடி. நீதான்னு தெரியும். தெரிஞ்சும் எந்திரிக்கல. எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன், உன்கிட்டயும் சொன்னேன்.”

“தெரியும்மா” என்றாள்.

“எப்படி?”

“நீ பெத்த பொண்ணுக்குத் தெரியாதா? நீ என் மூஞ்சியைப் பாத்துப் பேசவே இல்ல. பத்து நாளும் நான் அங்க இருந்தது நீயா சொல்லுவேன்னுதான்.”

சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். தரை சில்லென்று இருந்தது, உடனே தெரிந்தது.

“நானும் அன்னைக்கு ஒரு பொய் சொன்னேம்மா” என்றாள் மகள். “அப்பா கேட்டார், அம்மா எங்கன்னு. வந்துட்டிருக்கா, கீழ வந்துட்டா, படியேறி வந்துட்டிருக்கான்னு சொன்னேன். நீ போனையே எடுக்கலன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது?”

“நம்பினாரா?”

“நம்பினார். கதவையே பாத்துட்டிருந்தார்.”